மூன்று நாள் தூரத்துத் தங்கை

ஜபல்பூரிலிருந்து செங்கோட்டைக்கு வர அற்புதத்துக்கு ஒரு மூச்சு இழுத்துவிடும் நேரம் போதும். அதனாலேயே அவள் எட்டு மாதமாக வரவில்லை.

தாவறைகள் வந்த புதிதில் அப்படி இல்லை. தெருமுனைத் தாவறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினால், திறக்கும்போது வேறு ஊர். அற்புதம் தினமும் சாயங்காலம் அக்கா ஜெயசீலியின் வீட்டுக்கு டீ குடிக்க வந்தாள். அடுப்பில் குக்கர் இருக்கிறது என்று பாதி டம்ளரிலேயே எழுந்து ஓடுவாள். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் என்று ஆனது. அப்புறம், "நாளைக்கு வாரேன்க்கா, இந்தா இருக்கு" என்று போனில் சொல்வதோடு நின்றுபோனது. எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றானபின், இன்றைக்கே வந்தாக வேண்டும் என்று ஒரு நாளும் இல்லாமல் போயிற்று.

அதற்கு முன்னால் அற்புதம் வருடத்துக்கு ஒருமுறைதான் வருவாள். ஜபல்பூரில் நர்ஸ் வேலை. அங்கேயே கல்யாணம், அங்கேயே குடும்பம். மே மாதம் லீவு போட்டு, ரயில் மாறி ரயில் ஏறி, கசங்கிய சேலையும் எண்ணெய் வழியும் முகமுமாக மூன்றாம் நாள் செங்கோட்டையில் இறங்குவாள். வந்தால் மாதம் முழுக்க இருப்பாள். திரும்பும் நாளில் ஜன்னல் கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று இருவரும் அழுவார்கள். ஜெயசீலி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்தாள். அவளுக்கு மற்ற பதினொரு மாதமும் அந்த ஒரு மாதத்துக்கான வழிதான்.

தாவறைகள் வந்து பயணிகள் ரயில் நின்றுபோன பிறகே அவள் ரயில் நிலையங்களை வரையத் தொடங்கினாள். தாவறை ஏறி ஒவ்வொரு ஊராகப் போவாள். மணல் நிரப்பிய சிவப்பு வாளிகள், மஞ்சள் பலகையில் மூன்று மொழியில் ஊர்ப்பெயர், மழையில் கறுத்த சிமெண்டு பெஞ்சு, கைகாட்டி மரம், புகை கக்கும் பழைய இஞ்சின். எல்லாம் இருக்கும், ஆள் மட்டும் இருக்காது. ஏன் என்று யாராவது கேட்டால், "ரயில் வர இன்னும் நேரம் இருக்குல்லா, அதான்" என்பாள்.

அற்புதம் ஜபல்பூரில் புது வீடு கட்டினாள். அதன் கூடத்துக்கென்று ஜெயசீலி ஒரு பெரிய படம் வரைந்தாள்: செங்கோட்டை நிலையம், மே மாதத்து வெயில், பின்னால் மலை. ஆனால் அதைத் தாவறையில் கொண்டுபோக முடியாது. தாவறை எதையும் அணு அணுவாகப் படித்து மறுமுனையில் திரும்பக் கட்டும். மனித உடலில் அது தவறியதே இல்லை. எண்ணெய் வண்ணத்தில் கலந்திருக்கும் உலோகங்களில்தான் தடுமாறும். முன்பு ஒரு சின்னப் படத்தை எடுத்துப்போனபோது சிவப்பெல்லாம் சாம்பலாகி இறங்கியது.

"சரக்கு ரயில்ல போட்டு விட்ரு அக்கா. நீ பால் காய்ச்சுத அன்னைக்குத் தாவறையில வந்துரு" என்றாள் அற்புதம்.

சரக்கு ரயில்கள் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. அரிசியையும் சிமெண்டையும் தாவவைக்க ஆகும் மின்சாரம் யாருக்கும் கட்டுப்படியாகாது. ஓட்டுநர் இல்லாமல் தாமே ஓடும் வண்டிகள் அவை. கடைசிப் பெட்டியில் பழுது பார்ப்பவருக்கென்று ஒரு சின்ன அறை உண்டு.

ஜெயசீலி படத்தோடு சரக்கு நிலையத்துக்குப் போனாள். அங்கே பொறுப்பாளர் இசக்கியம்மாள்.

"படத்த வச்சிட்டுப் போங்க டீச்சர். பத்திரமாப் போய்ச் சேரும்."

"நானும் அது கூடப் போவட்டா?"

இசக்கியம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "மூணு நாள் ஆகும் டீச்சர்."

"தெரியும். அதுக்குத்தான் கேக்கேன்."

இசக்கியம்மாளுக்கு என்ன தோன்றியதோ, பழுது பார்ப்பவர் அறையின் சாவியை எடுத்துக் கொடுத்தாள்.

மதுரை தாண்டுவதற்குள் விஷயம் தெரிந்து அற்புதம் போன் செய்துவிட்டாள். "என்னக்கா, உனக்குக் கிறுக்கா? இப்ப எங்க இருக்க?" திருச்சியில் மறுபடி கூப்பிட்டாள். கிருஷ்ணா பாலத்தில் கூப்பிட்டாள். சாப்பிட்டாயா, கால் வீங்குகிறதா என்று கேட்டாள். பத்து நிமிடம் ஒதுக்க முடியாதவள் மணிக்கு ஒருதரம் கூப்பிட்டாள். ரயில் எங்கே நிற்கிறது என்று தெரியாவிட்டால் அவளுக்குக் கை ஓடவில்லை.

நாக்பூரில் வண்டி வெகுநேரம் நின்றது.

"நான் வேணா தாவறையில நாக்பூர் வந்து ஒருதரம் பாத்துட்டுப் போவட்டாக்கா?"

"வேண்டாம். நீ ஜபல்பூர்லயே நில்லு."

அற்புதம், "சரிக்கா, நிக்கேன்" என்றாள்.

ஜபல்பூர் சரக்கு நிலையத்தில், சிமெண்டு மூட்டைகளுக்கு நடுவே, தூக்குவாளியில் சோற்றோடு அற்புதம் நின்றுகொண்டிருந்தாள். வண்டி வளைவில் தெரிந்தபோதே அழத் தொடங்கிவிட்டாள் என்று அவள் மருமகள் பிறகு சொன்னாள். அக்காவின் கையைப் பிடித்து, புழுதி படிந்த தலையை மோந்து பார்த்து, "ரயில் வாசனைக்கா" என்றாள். மூன்று நாள் பயணம் செய்து வந்தவளைப் பாதி டம்ளர் டீயோடு அனுப்பிவிட முடியாது. ஜெயசீலி பதினைந்து நாள் இருந்தாள்.

மருமகள் அந்த வரவேற்பைப் படம் பிடித்திருந்தாள். அது எப்படியோ ஊர் ஊராகப் பரவியது. தாவறையில் நொடியில் வந்துவிடும் மகனுக்காக எந்தத் தாயும் வாசலில் நிற்பதில்லை என்பது அப்போதுதான் பலருக்கும் உறைத்தது. சரக்கு ரயிலில் இடம் கேட்டு மனுக்கள் குவிந்தன. ரயில் நிறுவனம் முதலில் ஒரு பெட்டியை இணைத்தது, பிறகு பத்து. நிலையங்களுக்கு வெள்ளையடிக்க வந்த ஒப்பந்தக்காரர்கள், பழைய பலகையின் மஞ்சள் எந்த மஞ்சள், வாளியின் சிவப்பு எந்தச் சிவப்பு என்று ஜெயசீலியின் படங்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். தன் படத்துக்குள் ஆட்கள் வந்து உட்கார்ந்ததுபோல அவளுக்கு இருந்தது. அந்த நாட்களில் அவள் மிகவும் சந்தோஷமாக இருந்தாள்.

ஆனால் மூன்று நாள் உட்கார்ந்துவர எல்லோருக்கும் பொறுமை இருக்குமா? வண்டியை வேகமாக விடச் சொன்னார்கள். தண்டவாளம் தாங்காது என்றது நிறுவனம். கடைசியில் பயணிகளே ஒரு வழி கண்டார்கள். சேருமிடத்துக்கு முந்தின நிலையம்வரை தாவறையில் வந்து, அங்கே ரயில் ஏறி, பத்துப் பதினைந்து நிமிடத்தில் பெட்டியோடு இறங்கினார்கள். வரவேற்க வந்தவர்கள் அழுதார்கள், இறங்கியவர்களும் அழுதார்கள். நிறுவனம் அதற்கும் 'இறுதிநிலைச் சீட்டு' என்று ஒன்றை வெளியிட்டது. ஜபல்பூரிலிருந்து காலியாகவே ஓடிவரும் பெட்டிகள், செங்கோட்டைக்கு முந்தின நிலையமான தென்காசியில் நிரம்பி வழிந்தன.

மே மாதம் பிறந்ததும் அற்புதம் போன் செய்தாள். "அக்கா, ரயில்ல வாரேன். முழுசா மூணு நாளும் ரயில்லதான்."

ஜெயசீலி வீட்டை ஒட்டடை அடித்தாள். மீன் சொல்லிவைத்தாள். தூரிகையைத் தொடவே இல்லை. முதல் நாள் இருமுறை போன் செய்தாள், அற்புதம் எடுக்கவில்லை. மறுநாள் எடுத்து, "சிக்னல் சரியா இல்லக்கா, அப்புறம் பேசுதேன்" என்று வைத்துவிட்டாள். ஜெயசீலி தானாகவே கணக்குப் போட்டுக்கொண்டாள்: இப்போது கோதாவரி தாண்டியிருப்பாள், இப்போது விழுப்புரம். பாவம், வெயிலில் வாடிப்போயிருப்பாள். காத்திருப்பது இவ்வளவு இனிக்கும் என்பதை அவள் மறந்தே போயிருந்தாள்.

மூன்றாம் நாள் காலையில் பவுடர் பூசி, நல்ல சேலை கட்டி, நிலையத்துக்குப் போய் நின்றாள். வண்டி வந்தது. கூட்டத்தோடு அற்புதம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். ஜெயசீலி ஓடிப்போய்த் தங்கையைக் கட்டிக்கொண்டாள். இருவரும் அழுதார்கள். கட்டியிருந்த கையை எடுக்காமலே ஜெயசீலி தங்கையின் பின்னலைத் தொட்டாள்.

ஈரமாக இருந்தது. சீயக்காய் வாசம் அடித்தது. சேலையில் இஸ்திரி மடிப்பு ஒன்றுகூடக் கலையவில்லை.

ஜெயசீலி கையை எடுத்தாள். அற்புதம் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு பெட்டியைப் பார்த்தாள். பக்கத்தில் வேறு யாரோ யாரையோ கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள்.

"பிரயாணம் எப்படிட்டி இருந்துச்சு?" என்றாள் ஜெயசீலி.

"ஒரே வெக்கைக்கா. உக்காந்து உக்காந்து இடுப்பு கழண்டு போச்சு."

"ஆமா, இருக்கும்லா. வா, வெந்நீர் போட்டு வச்சிருக்கேன். மொதல்ல தலைக்குக் குளி."

அற்புதம் ஈரப் பின்னலை முந்தானையால் மூடிக்கொண்டாள். "சரிக்கா" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் முற்றத்தில் முக்காலியைப் போட்டு, சின்ன வயதில் போல ஜெயசீலியே தண்ணீர் ஊற்றினாள். காயாத அந்தத் தலையில் செம்பு செம்பாக ஊற்றி, மூன்று நாள் அழுக்கைத் தேய்த்துவிட்டாள். அற்புதம் கண்ணை இறுக மூடிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.