கரி வளையம்

ரிவால்வரின் தோட்டா உருளையை இடப்பக்கம் தள்ளித் திறந்தபோதுதான் கோரா அதைப் பார்த்தாள்: ஆறு தோட்டாக் குழிகளில் ஒன்றின் வாயைச் சுற்றி மோதிரம் போல ஒரு கரி வளையம். சுட்டால்தான் அந்த வளையம் விழும். இலையுதிர் காலத்துக்குப் பிறகு அந்த ரிவால்வரை யாரும் சுடவில்லை. தீவின் கரடிகளெல்லாம் குகைக்குள் தூங்கப் போய்விட்டன. மீன் ஆலையைப் பூட்டிவிட்டு ஆட்களும் கரைக்குப் போய்விட்டார்கள். குளிர்காலம் முடியும்வரை ஆலைக்குக் காவல் அவளும் அவள் புருஷன் எய்னாரும் மட்டும்தான்.

தோட்டாக்களை மேஜையில் கொட்டினாள். ஆறும் சுடப்படாமல் முழுசாக இருந்தன.

துப்பாக்கி அவனுடையது, துடைப்பது அவள் வேலை. துருப்பிடிக்காத எஃகு என்று பெருமையடித்து வாங்கி வந்தான். அலாஸ்காவின் உப்புக் காற்றுக்கு அந்தப் பெருமையெல்லாம் தெரியாது, கொஞ்சம் அசந்தால் திருகுகளின் இடுக்கில் செம்பழுப்பாகப் பூத்துவிடும். அதனால் தினமும் குழலுக்குள் பிரஷ் விட்டு, அழுகின வாழைப்பழமும் மண்ணெண்ணெயும் கலந்தாற்போல மணக்கிற திரவத்தால் கழுவி, எண்ணெய்த் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். சுடுவதற்கு மட்டும் அவளுக்கு அனுமதி கிடையாது.

"நீ சுட்டியா?" என்றாள்.

"கரடியெல்லாம் குறட்டை விடுது. யாரச் சுட, உன்னையா?" எய்னார் சிரித்தான். "தேய்ச்சு விடு, செல்லம். கறை இருந்தா எனக்கு ஆகாது."

முந்தின நாள்தான் அவள் சொல்லியிருந்தாள், இனி உன்னோடு இருக்க மாட்டேன், கரைக்குப் போகிறேன் என்று. அவன் கத்தவில்லை. துறைக்கு இறங்கிப் போய், படகு மோட்டாரின் பெட்ரோல் குழாயைக் கழற்றிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்து, சூப் குடிக்க உட்கார்ந்தான். "ஏப்ரல்ல பாக்கலாம்" என்றான். அவ்வளவுதான். அன்றிரவு அவள் கல் போலத் தூங்கினாள். விழித்தபோது காதுக்குள் ஒரு ரீங்காரம். காற்று என்று நினைத்துக்கொண்டாள்.

நகம் கறுக்கும்வரை தேய்த்து எடுத்த வளையம் மறுநாள் திரும்பி வந்திருந்தது. பக்கத்துக் குழியிலும் ஒன்று. காது இன்னும் பலமாக இரைந்தது. வலது கையில், கட்டை விரலுக்கும் சுட்டு விரலுக்கும் நடுவே, கரி. துடைத்தபோது ஒட்டியிருக்கும்.

அன்று எய்னார் எழுந்துபோன நாற்காலிக்கு அடியில் காபி குளமாகக் கிடந்தது. கோப்பை மேஜையில்தான் இருந்தது. காலியாக. அவன் குடித்ததை அவளே பார்த்தாள். தரையைத் துடைத்தாள். அதுவும் அவள் வேலைதான்.

ரிவால்வரை உப்புக் கிடங்கில் வைத்துப் பூட்டி, சாவியை மாவு டப்பாவுக்குள் புதைத்தாள். காலையில் துப்பாக்கி அலமாரியில் இருந்தது. மூன்றாவது வளையம். அவள் கால் விரல்களுக்கிடையே உப்புக் கற்கள்.

வானொலிக் கருவியை இரு கையாலும் பிடித்துக்கொண்டு துறைமுகத்தை அழைத்தாள். படகுகளை அனுப்பும் மார்லிஸ்தான் பேசினாள்.

"ஒரு படகு அனுப்பு, மார்லிஸ்."

"அலை வீடு உசரத்துக்கு நிக்குது, பொண்ணே. எவன் வருவான்? என்ன, சண்டையா? அவன்கிட்ட குடு."

எய்னார் பின்னாலிருந்து கருவியைப் பிடுங்கினான். "ஒண்ணுமில்ல. தீவுல அடைஞ்சு கெடந்தா பொம்பளைங்களுக்கு வர்றதுதான்."

 இரைச்சலுக்கு நடுவே மார்லிஸ் கேட்டாள்: "எய்னாரு, சளி கிளி புடிச்சிருக்கா? நீ பேசுறப்ப விரிசல் விட்ட கதவுல காத்து பூந்து வர்ற மாதிரி கேக்குதே."

அவன் சிரித்தான். சிரிப்பின் அடியில் ஒரு விசில். கருவியின் கம்பியைப் பிடுங்கிச் சுருட்டி, பெட்ரோல் குழாய் இருந்த அதே பையில் போட்டுக்கொண்டான்.

அன்று தூங்கக் கூடாது என்று அடுப்படியில் நின்றபடியே விழித்திருந்தாள். நின்றபடியே தூங்கியிருக்க வேண்டும். நாலாவது வளையம். அதற்கு அடுத்த நாள், ஐந்தாவது. இப்போதெல்லாம் அவள் தேய்ப்பதில்லை.

பனிக்காலத்து மதியம் சீக்கிரமே இருட்டிவிடும். எய்னார் மேஜை விளக்கை முகத்துக்கு நேரே இழுத்து வைத்துக்கொண்டு, அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தான். அவள் விறகோடு உள்ளே வந்தாள். கதவைச் சாத்தினாள். திரும்பினாள்.

அவள் மார்பில் வெளிச்சப் பொட்டு. காசு அகலம்.

இன்னொன்று. வயிற்றில். தோளில்.

நகர்ந்தாள். பொட்டுகள் பின்னால் சுவரில் விழுந்தன. ஐந்து.

விளக்கைப் பார்த்தாள். விளக்குக்கும் அவளுக்கும் நடுவே அவன் முதுகு. கம்பளிச் சட்டை. சட்டையில் ஐந்து ஓட்டை. ஓட்டைகளின் வழியே, அந்தப் பக்கம், விளக்கு.

ரத்தம் இல்லை. ஒரு சொட்டு இல்லை.

விறகு கைநழுவி விழுந்தது. அவன் திரும்பவில்லை. ஊசி வலைக்குள் போய்வந்தது.

"இன்னும் ஒண்ணுதான் பாக்கி" என்றான். ஐந்து இடத்திலும் விசில் எழுந்தது. "அதுக்கப்புறம் என்ன பண்ணுவே, செல்லம்?"

அவன் மூச்சு இழுத்தான். மூச்சு விட்டான். சுவரில் ஐந்து வெளிச்சமும் சுருங்கின. விரிந்தன. சுருங்கின.

அவளுடைய வலது கை, அவளைக் கேட்காமலே, சுட்டு முடித்த கை போலச் சூடேறியிருந்தது.