வரி ஜன்னல்

“அறுத்தாச்சுக்கா. இனிமே கூச்சல் போட்டு என்ன ஆகப்போகுது?”

“என்ன ஆகுமா? அந்த ரம்பத்த இங்க குடு, என்ன ஆகும்னு காட்டறேன்.”

“ஒரு பேரிக்கா மரம்தானே? பத்துக் கன்னு வாங்கித் தரேன்.”

“நீ வாங்கித் தருவே! அப்பா படுக்கைல கெடந்தப்ப ஒரு ஆரஞ்சுப்பழம் வாங்கிட்டு எட்டிப் பாத்ததில்ல, எனக்குக் கன்னு வாங்கித் தராராம் தொரை.”

சந்தையிலிருந்து கூடையும் கையுமாக வந்த சொலாஞ்ஜ், நின்ற இடத்திலேயே நின்று கத்திக்கொண்டிருந்தாள். பக்கத்துப் பெரிய வீட்டில் சண்டை என்றால் எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னல் தானாகத் திறந்துகொள்ளும். அதை நான் பழக்கவில்லை, அதுவே பழகிவிட்டது.

தெற்குச் சுவரோடு சுவராக, கிளைகளை இரண்டு பக்கமும் கம்பியில் இழுத்துக் கட்டி, விரித்த விசிறிபோல அவள் அப்பா வளர்த்த மரம் அது. அவருக்குப் பிறகு அவள் கவாத்து செய்தாள். தம்பி கயெத்தான் லியோனில் முப்பது வருஷம் கோட்டு மாட்டிக்கொண்டு வாழ்ந்துவிட்டு, அப்பா இறந்ததும் மனைவி பெராஞ்ஜேரைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினான். வீடு இருவர் பெயரிலும் இருந்தது. பாழடைந்த தோட்டத்தைத் திருத்தி, கூரை மாற்றி, பாரீஸ்காரர்கள் கல்யாணம் பண்ணிக்கொள்ள வாடகைக்கு விடுவதாகத் திட்டம். கல்யாணம் பண்ண பாரீஸில் இடமா இல்லை என்று நான் கேட்டேன், யாரும் சிரிக்கவில்லை.

மரம் விழுந்த பிறகுதான் அதன் பின்னால் இருந்தது கண்ணில் பட்டது. செங்கல் வைத்து அடைத்த ஒரு ஜன்னல்.

எங்கள் பெர்ரி மாகாணத்தில் இது ஒன்றும் அதிசயமில்லை. எத்தனை ஜன்னலோ அத்தனை வரி என்று ஒரு காலத்தில் சர்க்கார் ஆள் தெருத்தெருவாக எண்ணிக்கொண்டு போனானாம். எங்கள் முன்னோர்கள் ஜன்னலை அடைத்து வெளிச்சத்தை விட்டார்கள், காசை விடவில்லை. அடைத்த ஜன்னல் எங்கே இருந்தாலும் “வரி ஜன்னல்” என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவோம். சொலாஞ்ஜின் அப்பாவும் அப்படித்தான் சொல்லிவந்தார். சொல்லிவிட்டு அதன்மேல் ஏன் மரத்தை ஏற்றினார் என்று அவள் கேட்டதே இல்லை.

அன்றைக்குத்தான் பார்த்தாள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சாந்து வெளிப்பக்கமாகப் பிதுங்கி நின்றது, கேக்கை அழுத்தினால் கிரீம் பிதுங்குவதுபோல. எந்தக் கொத்தனும் இப்படி வழிய விட்டுப் போகமாட்டான். மழை பெய்து எத்தனையோ நாளாகியும் அந்த இடம் மட்டும் ஈரமாக இருந்தது.

மறுநாள் மேஸ்திரி திபோ சம்மட்டியோடு வந்தான். திபோவின் தோள்களைப் பற்றி எங்கள் தெருவில் ஒருமித்த அபிப்பிராயம் உண்டு. பெராஞ்ஜேர் அதைத் தானாகவே கண்டுபிடித்ததுபோல அவனுக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே இருந்தாள். சுவரை உடைத்தால் பின்னால் ஹால், ஹாலில் வெயில் விழும், அங்கே காலைச் சாப்பாட்டு மேஜை போடலாம் என்பது கயெத்தானின் கணக்கு. உடைத்தார்கள். ஹால் வரவில்லை. ஒரு கட்டில் போடும் அளவுக்கு ஓர் இடம், அதற்கப்பால் இன்னொரு சுவர். மூன்று பக்கமும் கருங்கல். கதவு இல்லை. தரையில் தூசி இல்லை, எலிப்புழுக்கை இல்லை, ஒட்டடை இல்லை. மூலையில் ஒரு சாந்துக் கரண்டி மட்டும் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் மரப்பிடி கைபட்டுக் கைபட்டு மெலிந்து, விரல்கள் பதிந்த பள்ளத்தோடு இருந்தது.

“பாத்தியாக்கா, ஒரு ரூம் இலவசம்,” என்றான் கயெத்தான்.

சொலாஞ்ஜ் கிட்டே போனாள். உடைபடாமல் ஓரத்தில் நின்றிருந்த செங்கற்களின் உட்பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது. சாந்தை வழித்து, நிறுத்தி நிதானமாகத் தேய்த்து, ஆசை ஆசையாகப் பூசியிருந்தான் யாரோ ஒருவன். அதாவது, பூசியவன் உள்ளே நின்றிருந்தான். அவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். எச்சில்பட்ட துணியைத் தொட்டதுபோல விரல்களைப் பாவாடையில் துடைத்தாள்.

அடுத்த நாள் காலை ஜன்னலின் அடியில் ஒரு வரிசை செங்கல் ஏறியிருந்தது.

குவியலில் கிடந்த அதே பழைய செங்கற்கள். ஈரச் சுண்ணாம்பு. திபோ பைக்குள் போட்டுக்கொண்ட சாந்துக் கரண்டியைக் காணோம்.

“நீதானே?” என்றான் கயெத்தான்.

“எனக்கு வேற வேலை இல்லியா? ராத்திரியெல்லாம் கல்லு தூக்கறேனா இந்த முழங்காலோட?”

“மரத்த வெட்டினதுக்குப் பழிவாங்கறே.”

“பழிவாங்கணும்னா உன் சூப்புல ஏதாவது போட்டிருப்பேன்டா. செங்கல் எதுக்கு?”

“உங்க அக்கா இப்பிடிப் பேசினா எனக்குப் பயமா இருக்கு,” என்று பெராஞ்ஜேர் திபோவின் பக்கம் ஓரடி நகர்ந்தாள். பயந்தால் புருஷன் பக்கம் நகர்வதுதான் வழக்கம்.

திபோ வரிசையைத் தட்டிவிட்டான். மறுநாள் இரண்டு வரிசை.

சொலாஞ்ஜின் படுக்கையறை அந்த ஜன்னலுக்கு நேர் மேலே. அவள் பிறந்ததும் அந்த அறையில்தான், அப்பாவைக் குளிப்பாட்டிவிட்டு வந்து முதுகைச் சாய்த்ததும் அங்கேதான். அவளுக்கு வேறு இடம் கிடையாது. லியோனும் கிடையாது, புருஷனும் கிடையாது, அந்த அறையும் பின்னால் இருந்த தோட்டமும் தவிர உலகத்தில் தன்னுடையது என்று சுட்டிக்காட்ட ஒன்றுமில்லை. இப்போது அந்த அறையில் ஒரு வாடை வர ஆரம்பித்தது. நனைந்த சுண்ணாம்பும், வெகுநேரம் மூடிவைத்த வாயும் சேர்ந்த வாடை. பகல் பொழுதிலேயே, ஆப்பிள் தோலுரித்துக்கொண்டோ துணி மடித்துக்கொண்டோ இருக்கும்போது, கட்டிலின் தலைமாட்டுச் சுவருக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. கரண்டி வழிக்கும் நீண்ட சர்ர்ர், அப்புறம் பிடியால் கல்லைத் தட்டி உட்காரவைக்கும் மெல்லிய தட், தட். அவசரமே இல்லாமல், நாள் முழுக்க நேரம் இருக்கும் ஒருவன் செய்வதுபோல. காதை வைத்தால் நின்றுவிடும். காதை எடுத்தால் தொடங்கும்.

இன்னொன்றையும் அவள் கவனித்தாள். அவளும் தம்பியும் கத்திக்கொண்ட நாளுக்கு மறுநாள்தான் கல் ஏறியது. பெரிய சண்டை என்றால் அதிக வரிசை. அவன் பூர்ழ் நகரத்துக்குப் போய், வீடு அமைதியாக இருந்த நாட்களில் ஒரு கல்கூட அசையவில்லை. இது புரிந்த அன்றிலிருந்து அவள் வாயைக் கட்டிக்கொண்டாள். அவன் ரோஜாப் பாத்தியைத் தூர்த்துக் கார் நிறுத்தும் இடமாக்கினான், பல்லைக் கடித்தாள். அப்பாவின் நாற்காலியைக் குப்பை வண்டியில் ஏற்றினான், உதட்டைக் கடித்தாள். கோபம் எங்கும் போகவில்லை, உள்ளேயே கிடந்து புளித்தது. அப்போது சுவருக்குள்ளே சத்தம் வரவில்லை. ஆனால் யாரோ சுவரில் சாய்ந்து காத்துக்கொண்டிருப்பதுபோல இருந்தது.

அனைத்துப் புனிதர் திருநாள் காலையில் கட்டு அறுந்தது.

பெராஞ்ஜேரும் திபோவும் காரை எடுத்துக்கொண்டு டைல்ஸ் பார்க்கப் போயிருந்தார்கள். ஊரில் ஒரு கடைகூடத் திறந்திருக்காத நாளில் டைல்ஸ். சொலாஞ்ஜ் அப்பாவின் கல்லறைக்கு எடுத்துப்போகச் சாமந்தித் தொட்டியை வாசலில் வைத்துவிட்டு என்னைக் கூப்பிட வந்துகொண்டிருந்தாள். கயெத்தான் தோட்டத்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனான்.

“வித்துரப்போறேன்க்கா. நோட்டரிகிட்ட பேசிட்டேன். உன் பங்க வாங்கிட்டு ஏதாவது முதியோர் இல்லத்துல போய் இரு.”

“என்னது?”

“அதுக்கு முன்னாடி உன்னக் கையும் களவுமாப் புடிக்கணும். உள்ள உக்காரப்போறேன். நீ கல்லத் தூக்கிட்டு வா, உன் மூஞ்சியப் பாக்கணும்.”

அவன் ஜன்னல் வழியே நாற்காலியைப் போட்டு, தானும் ஏறி உள்ளே குதித்து உட்கார்ந்துகொண்டான். காலைக்கூட ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டான்.

இத்தனை வாரம் கட்டிவைத்திருந்தது அவள் தொண்டையிலிருந்து கிழித்துக்கொண்டு வந்தது. அப்பாவின் மலத்தை அள்ளியது, இவன் போன்கூடப் பண்ணாதது, மரம், ரோஜா, நாற்காலி, எல்லாம். “உக்காருடா! நல்லா உக்காரு! வெளிய வராதே! ஒரேயடியா அங்கயே கெட!” சத்தத்தில் லிண்டன் மரத்துக் காக்கைகள் எழுந்து பறந்தன. நான் என் ஜன்னலை, முதல்முறையாக, சாத்தினேன்.

கல்லறையில் அவள் பிரார்த்தனை செய்யவில்லை. அப்பாவின் பெயர் பொறித்த கல்லைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கைகளை மார்பில் இறுக்கிக் கட்டியிருந்தாள். “குளிரா?” என்றேன். “இல்ல. இன்னும் ஆத்திரம் அடங்கல,” என்றாள்.

திரும்பும்போது வயல்களிலிருந்து மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. என்னை வாசலில் விட்டுவிட்டு அவள் தனியாகப் போனாள். இனி நான் சொல்வது, பிறகொரு நாள் பேரிக்காய்ச் சாராயம் நாலு குவளை உள்ளே போனபின் அவளே சொன்னது. மேலே சேர்த்தது ஒன்றுமில்லை. சேர்க்க இடமும் இல்லை.

கேட்டைத் தாண்டியதும் சத்தம் கேட்டது. சர்ர்ர். தட், தட். இந்தத் தடவை அவள் நெருங்கியும் நிற்கவில்லை. பனிக்குள் வீடு பாதி கரைந்திருந்தது, புல் காலில் ஒட்டியது, அந்த மூடிய வாயின் வாடை தோட்டம் முழுக்கப் பரவியிருந்தது. செங்கல் குவியல் இருந்த இடத்தில் வெறும் புல். நசுங்கிய, மஞ்சளான புல்.

ஜன்னல் ஏறக்குறைய அடைந்திருந்தது.

சாந்து வெளியே பிதுங்கி, மெதுவாக வழிந்தது. மேலே ஒரே ஒரு கல்லுக்கான ஓட்டை. கறுப்பாக.

“கயெத்தான்?”

ஓட்டையில் விரல்கள் வந்தன. அவன் விரல்கள். கல்யாண மோதிரம். நகம் பெயர்ந்திருந்தது. இரண்டு கையும் விளிம்பைப் பற்றிக்கொண்டன.

“சோசோ.”

ஏழெட்டு வயதுக்குப் பிறகு அவன் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை.

“சோசோ, இழு. இடிச்சுத் தள்ளு. ஈரமாத்தான் இருக்கு. சீக்கிரம்.”

அவள் ஓடினாள். சுவரில் கை வைத்தாள். ஈரம்தான். ஒரு தள்ளு. ஒரே ஒரு தள்ளு போதும்.

சர்ர்ர்.

அவன் இரண்டு கையும் அவள் கண்ணெதிரே இருந்தன. உள்ளே கரண்டி வழித்துக்கொண்டிருந்தது.

தட், தட்.

“சோசோ, என்ன பாத்துட்டு நிக்கறே?”

சத்தம் நின்றது.

அவன் இரண்டு கைகளுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு கை வந்தது. வெள்ளை. மணிக்கட்டு வரை சுண்ணாம்பு. கை வந்துகொண்டே இருந்தது, முழங்கை தெரியவில்லை. உள்ளங்கை மேலே பார்த்தபடி விரிந்தது. வற்புறுத்தவில்லை. அவசரப்படவில்லை. காத்திருந்தது.

அவள் குனிந்து பார்த்தாள். காலடியில் கடைசிச் செங்கல்.

தம்பி அழுதான். “வீட்ட நீயே வெச்சுக்கோ. எல்லாத்தையும் வெச்சுக்கோ. சோசோ. சோசோ.”

பயம் இருந்தது.  ஆனால் பயத்துக்கு அடியில், எல்லாவற்றுக்கும் அடியில், கொஞ்சமும் குறையாமல் அந்தக் கோபம் இருந்தது.

செங்கல்லை எடுத்தாள். அந்த உள்ளங்கையில் வைத்தாள்.

கை மூடிக்கொண்டது. மரியாதையாக, நன்றி சொல்வதுபோல, ஒருமுறை தாழ்ந்தது. கல்லை உள்ளே வைத்துவிட்டுத் திரும்பி வந்து, முதலில் அவன் ஒரு கையின் விரல்களையும், பிறகு மறுகையின் விரல்களையும், ஒவ்வொன்றாக, விளிம்பிலிருந்து எடுத்துவிட்டது.

பெராஞ்ஜேர் புகார் கொடுத்தாள், அவ்வளவு உரக்க இல்லை. அந்த நாள் எங்கே இருந்தாள் என்று யாராவது கேட்டுவிடப் போகிறார்களே. தான் உடைத்த ஜன்னல் மறுபடி அடைந்து கிடந்ததைப் பார்த்தும் திபோ வாயைத் திறக்கவில்லை, அதே காரணம். மனைவி மேஸ்திரியோடு சுற்றினாள், மனுஷன் மனம் வெறுத்து எங்கோ போய்விட்டான் என்று ஊரே முடிவு கட்டியது. தோட்டத்தைச் சுற்றிப் பார்த்த போலீஸ்காரர் எங்கள் பக்கத்து ஊர்ப் பையன், தெற்குச் சுவரில் விரல் முட்டியால் தட்டி, “வரி ஜன்னல்தானே? எங்க வீட்லயும் ரெண்டு இருக்கு,” என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துப் போனார்.

சட்டப்படி காத்திருக்க வேண்டியதைக் காத்திருந்து பெராஞ்ஜேர் திபோவைக் கட்டிக்கொண்டாள். பெர்பின்யான் பக்கம் போய்விட்டார்கள். அவனுக்கு இப்போது தோளைவிட வயிறு பெரிது என்று கேள்வி. சொலாஞ்ஜ் எங்கும் போகவில்லை. புதுப் பேரிக்கன்று நட்டு, கம்பி இழுத்துக் கட்டியிருக்கிறாள். தோட்டம் அழகாக இருக்கிறது. யாரோடும் சண்டை போடுவதில்லை, போட யாருமில்லை. ஆனால் சில மாலைகளில் தன் அறையில் தனியாக உரக்கத் திட்டிக்கொண்டிருப்பாள், யாரை என்று தெரியாது.

போன வாரம் என் சமையலறையிலிருந்து பார்த்தேன். அவள் படுக்கையறை ஜன்னலின் அடியில், கண்ணாடிக்கு முன்னால், இரண்டு வரிசை செங்கல்.

“என்ன சொலாஞ்ஜ் அது?” என்று தெருவில் கேட்டேன்.

“எது? ஓ, அதுவா. வரி ஜன்னல்,” என்றாள்.

இன்று காலை நாலு வரிசை. சாந்து வெளிப்பக்கமாகப் பிதுங்கி வழிகிறது.