பார்வை வாத்து

வானத்தில் ஒரு பறவைகூட இல்லை. ஆனாலும் மகாராணி கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

வலைக்காரன் கொல்லைப்புறக் கதவருகே முக்காலி போட்டு உட்கார்ந்து வலையில் விழுந்த கிழிசலைப் பின்னிக்கொண்டிருந்தான். பொழுது சாய்ந்துவிட்டிருந்தது. அடுக்களையில் வெங்காயம் வதங்கும் வாசனையும் ஏரியிலிருந்து வந்த சேற்று வாடையும் வாசற்படியில் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. கோழிகள் கூட்டுக்குள் இடம் பிடிக்கச் சண்டை போட்டு ஓய்ந்து, இறக்கையை ஒடுக்கிக்கொண்டு அடங்கும் நேரம் அது. அந்த அடக்கத்துக்கு நடுவே கூண்டிலிருந்து அந்தக் குரல் வந்தது. நீளமாய் ஒன்று, பின்னாலேயே குறுக்கிக்குறுக்கிச் சில, மறுபடியும் நீளமாய் ஒன்று. இறங்கி வா என்கிற கூப்பாடு.

"என்ன இழவு இது? எதைப் பார்த்துக் கத்துது?" என்று அண்ணாந்து பார்த்தான். மேகம்கூட இல்லை.

பார்வை வாத்து என்றால் அந்த ஏரிக்கரையில் எல்லாருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்வதானால், காட்டிக்கொடுக்கிற வாத்து. காட்டு வாத்தின் கூட்டிலிருந்து முட்டையை எடுத்துவந்து வீட்டுக் கோழியின் அடைக்கு வைத்துவிடுவார்கள். அது பொரிந்து, கோழியை அம்மா என்று நம்பி, தவிடு தின்று வளரும். பருவம் வந்ததும் காலில் கயிறு கட்டி ஆழமில்லாத தண்ணீரில் முளையடித்து விட்டுவிட்டு, வலைக்காரன் நாணலுக்குள் குந்திக்கொள்வான். மேலே கூட்டம் தெரிந்ததும் அது கூப்பிடும். கூட்டம் ஒரு சுற்று சுற்றும், சந்தேகப்படும், மறுபடி சுற்றும். நம்ம குரல்தானே என்று கடைசியில் இறங்கும். அவ்வளவுதான், வலை. முந்தின நாளே அதைக் கோழிகளிடமிருந்து பிரித்து ஒண்டியாகப் போட்டுவிட வேண்டும் என்பது தொழில் நுணுக்கம். ஏங்கிக் கிடந்த வாத்துதான் உயிரைக் கொடுத்துக் கூப்பிடும்.

மகாராணியைப்போல ஒரு வாத்து அந்தக் கரையில் யாரிடமும் இருந்ததில்லை. "உன் வாத்து கூப்பிடுற அழகுக்கு ஒருநாள் நானே இறங்கிடுவேன் போல இருக்கேப்பா" என்று மற்ற வலைக்காரர்கள் கேலி செய்வார்கள். முன்பெல்லாம் அதைக் கேட்டால் அவனுக்கு மார்பு நிமிரும். இப்போது யாராவது சிரித்துக்கொண்டே அந்தப் பேச்சை எடுத்தால், பீடியைப் பற்றவைக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொள்வான். கொஞ்ச நாளாகவே மகாராணியைத் தண்ணீரில் கட்டவில்லை. வலை பழசாகிவிட்டது என்று வீட்டில் ஒரு பொய் சொல்லி வைத்திருந்தான்.

காரணம் அவன் தங்கை.

அவள் புருஷனின் அடி தாங்காமல் ஓடிப்போய்ச் சிநேகிதி வீட்டில் ஒளிந்துகொண்டாள். எந்த ஊர், எந்தத் தெரு என்று யாருக்கும் தெரியாது. யார் போன் செய்தாலும் எடுப்பதில்லை, அண்ணன் போனைத் தவிர. அது புருஷன் வீட்டாருக்கும் தெரியும். ஒருநாள் கும்பலாக வந்து இவன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். யாரும் கத்தவில்லை, மிரட்டவில்லை. பெரிய குடும்பம், நாலு பேர் முகத்தில் எப்படி முழிப்பது என்றார்கள். நீ கூப்பிட்டால் வருவாள் என்றார்கள். அவன் போனைக் கையில் எடுத்தான். எப்போதும் பொய் சொல்லுமுன் செய்வதுபோலத் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"வாம்மா. இங்க யாரும் இல்ல. ஒண்ணும் ஆகாது, நான் இருக்கேன்ல."

வந்தாள். புருஷன் உள்ளறையில் இருந்தான். அவன் வெளியே வந்தபோது அவள் அலறவில்லை, அழவில்லை. அண்ணனை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு அவர்கள் பின்னால் போய்விட்டாள். கொஞ்ச நாளில் இந்த ஏரி நாணலுக்குள்தான் கிடைத்தாள். சாவு வீட்டில் எல்லாரும் இவன் தோளைத் தட்டி, "நீயும் என்னப்பா செய்வே, சேர்த்துவைக்கத்தானே பார்த்தே" என்றார்கள். அவனும் தலையை ஆட்டினான். தலையை ஆட்டினானே, அதுதான் இன்றுவரை அவனைச் சோறு தின்னவிடாமல் செய்கிறது. கூசிப்போகிறது உடம்பு.

அவன் மகள் அன்றைக்குக் கதவிடுக்கில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். வாலு என்றுதான் வீட்டில் கூப்பிடுவார்கள், செய்கிற சேட்டை அப்படி. சாவு முடிந்து வந்த அன்று அவள் கேட்டாள்: "அப்பா, மாமா உள்ள இருக்காருன்னு அத்தைகிட்ட ஏன் சொல்லல?"

"உனக்கு இதெல்லாம் புரியாதும்மா" என்றான்.

அதிலிருந்து வாலு சேட்டை செய்வதில்லை. அப்பா கூப்பிட்டால் வருவாள், ஆனால் நிலைப்படியோடு நின்றுவிடுவாள். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் காலை எடுத்துவைப்பாள். பெற்ற மகள் தன் குரலைக் கேட்டுத் தயங்குகிறாளே என்று அவனுக்கு நெஞ்சு வெடித்துவிடும்போல இருக்கும். ஒருநாள் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். சொன்னால்தான் அவள் திரும்பக் கிடைப்பாள். தெரியும். வார்த்தைகள்கூட மனப்பாடமாகிவிட்டன, தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டு சொல்லிச்சொல்லி. பகலில் அவள் முகத்தைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

மகாராணி நிறுத்தவில்லை.

எழுந்து கூண்டருகே போனான். வாத்து வானத்தைப் பார்க்கவே இல்லை. கழுத்தை நீட்டிக் கம்பியில் அலகை வைத்துக்கொண்டு ஏரியை, நாணலை, கருத்துக்கொண்டே வரும் அந்த நாணலின் நடுப்பகுதியைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. பறவைகளைத் தரைக்குக் கூப்பிடுகிற அதே கூப்பாட்டில், ஏரியிலிருந்து எதையோ கரைக்கு வரச்சொல்வதுபோல இருந்தது.

"போதும்டி" என்று சாக்கை எடுத்துக் கூண்டின்மேல் போட்டான்.

சட்டென்று அடங்கியது. தவளைகளும் அடங்கின. கோழிக் கூட்டிலும் மூச்சுக் காட்டவில்லை. நாணல் தாள்கள் ஒன்றையொன்று உரசும் சத்தம் மட்டும், அதுவும் காற்றே இல்லாமல்.

பிறகு நாணலுக்குள் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

யாராவது வலைக்காரனாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். நினைத்துக்கொள்ளும்போதே தெரிந்தது, இல்லை. அந்தச் செருமல் அவனுக்குத் தெரியும். அந்த இழுப்பு, கடைசியில் எச்சில் விழுங்குகிற அந்தக் 'க்ளக்'. சாக்குக்கு அடியில் மகாராணி கூண்டின் மூலையில் போய் ஒட்டிக்கொண்டு, தலையை இறக்கைக்குள் செருகிக்கொண்டது.

"ஏங்க, அங்க என்ன பண்றீங்க?" அடுக்களை ஜன்னலில் மனைவி நின்றிருந்தாள். கையில் கரண்டி. முகம் குழம்பியிருந்தது.

"சும்மாதான். ஏன்?"

"ஏரிப்பக்கம் போனீங்கன்னு நினைச்சேன். அங்கிருந்துதானே கூப்பிட்டீங்க."

"நான் யாரைக் கூப்பிட்டேன்?"

"வாலுவைத்தான். வாம்மா வாம்மான்னு எவ்வளவு நேரமா. இப்பதானே செருப்பை மாட்டிக்கிட்டு முன்வாசல் வழியாப் போறா."

வலை காலில் சிக்கியது. உதறிவிட்டு ஓடினான்.

வேலியைத் தாண்டினால் சரிவு, சரிவின் முடிவில் தண்ணீர். செருப்பு இரண்டும் கரையில் ஒழுங்காகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தன. வாலு முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு நாணலைப் பார்த்தாள். அதற்குள் ஆள் தெரியவில்லை. இருட்டுதான் தெரிந்தது, குத்துக்கால் வைத்து உட்கார்ந்த ஓர் ஆள் அளவுக்குக் கெட்டியான இருட்டு.

"வாலு!"

திரும்பினாள். கரையில் நிற்கும் அப்பாவைப் பார்த்தாள். கண் விரிந்தது. நாணல் பக்கம் பார்த்தாள். மறுபடி கரையை.

"வாம்மா" என்றது நாணல். அவன் குரல்தான். சளி இல்லாத, களைப்பு இல்லாத, அவன் கல்யாணமான புதிதில் பேசிய குரல்.

"அது நான் இல்ல! இங்க வாம்மா! ஒண்ணும் ஆகாது, நான் இருக்கேன்ல!"

சொல்லி முடித்த பிறகுதான் காதில் விழுந்தது, என்ன சொன்னோம் என்று. வாலுவின் முகம் மாறியது. அவள் பின்னால் ஓர் அடி வைத்தாள். தண்ணீர் தொடைக்கு வந்தது.

"அப்பா" என்றாள், இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக. "அத்தையை ஏன் அப்படிக் கூப்பிட்டீங்க?"

இதுதான் நேரம். சொல்லிவிடு, சொல்லிவிடு. பின்னால் மனைவி சரிவில் இறங்கிவரும் காலடி கேட்டது. பக்கத்து வீட்டுக் கதவு திறந்து வெளிச்சம் விழுந்தது. சனியன் பிடித்த நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. முகமெல்லாம் தீயாய்க் காந்தியது, வெட்கத்தில். சாகப்போகிற மகளின் முன்னால்கூட வெட்கம்!

"அதெல்லாம்... வீட்டுக்கு வா, பேசிக்கலாம். உனக்குப் புரியாதும்மா."

நாணல் செருமியது.

"பயந்துட்டேன்மா" என்றது. "அவங்க வந்து உட்கார்ந்ததும் கை காலெல்லாம் நடுங்கிப்போச்சு. பேரு கெட்டுடும்னு பயம். அதான் பொய் சொல்லி வரவெச்சேன். அவ என்னை நம்பித்தான் வந்தா. அவ செத்ததுக்கு நான்தான் காரணம். என்னை மன்னிச்சுடு கண்ணு."

ஒரு வார்த்தை பிசகவில்லை. தலையணையில் முகத்தை வைத்து, யார் காதிலும் விழாமல், அவன் சொல்லிப் பார்த்த அதே வார்த்தைகள். அழும் இடத்தில் அழுதது.

வாலுவும் அழுதாள். நாணலைப் பார்த்து, "அப்பா" என்றாள். கையை நீட்டியபடியே நாணலுக்குள் போய்விட்டாள்.

அவன் தண்ணீரில் பாய்ந்தான். சேறு கணுக்காலைப் பிடித்தது. விழுந்தான். எழுந்தான். நாணல் கையை அறுத்தது. விலக்கினான். தண்ணீர். மறுபடி விலக்கினான். தண்ணீர். "நான்தான் கொன்னேன்! நான்தாம்மா!" என்று இப்போது கத்தினான், தொண்டை கிழிய. கேட்க வேண்டியவள் அங்கே இல்லை.

நாணல் அசைவு நின்றது.

"அம்மா!" சற்று உள்ளேயிருந்து வாலு கூப்பிட்டாள். சிரிப்போடு, பழைய சேட்டைக்காரியாக. "அம்மா, வாங்களேன். தண்ணி கொஞ்சந்தான்."

மனைவி தண்ணீரில் கால் வைத்தாள்.

"போகாத!" அவள் மணிக்கட்டைப் பிடித்தான். "அது வாலு இல்ல. சத்தியமா இல்ல. என்னை நம்பு."

அவள் அவனைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில்.

"நீங்க சொன்னா நம்பணுமா?"

கையை உருவிக்கொண்டாள். சேறு அப்பியிருந்த அவன் விரல்களிலிருந்து அது சுலபமாக வழுக்கியது. நாணல் ஒதுங்கி அவளுக்கு வழிவிட்டது. மூடிக்கொண்டது.

இடுப்பளவு தண்ணீரில் நின்றான். கரையில் பக்கத்து வீட்டுக்காரர் டார்ச்சோடு வந்து, "என்னாச்சு? யாரு அங்க?" என்று கேட்டார். டார்ச்சின் வெளிச்சம் அவன் தோளைத் தாண்டி நாணலுக்குள் போனது.

அங்கே தண்ணீருக்கு மேல் தலைகள் இருந்தன. வாலு. மனைவி. நடுவில் தங்கை. கழுத்துவரை தண்ணீர், கண் திறந்தபடி. மூன்று பேரும் மெல்ல விலகி மிதந்துபோனார்கள். கொஞ்ச தூரம் போனதும், தண்ணீருக்குக் கீழே ஏதோ ஒன்று காலைப் பிடித்து இழுத்ததுபோல வெடுக்கென்று நின்று, திரும்பி வந்தார்கள். மறுபடி விலகினார்கள். மறுபடி வெடுக்.

"ஐயோ, பிள்ளை தண்ணியில இருக்கு!" என்று பக்கத்து வீட்டுக்காரர் டார்ச்சைக் கீழே போட்டுவிட்டு இறங்கினார். பின்னாலேயே அவர் மனைவி, அதற்குப் பின்னால் இன்னும் யார் யாரோ, வீட்டுவீட்டுக்கு வெளிச்சம், சரிவெல்லாம் காலடி.

மூன்று தலைகளும் ஒன்றாகக் கரைப்பக்கம் திரும்பின. வாய்கள் திறந்தன. நீளமாய் ஒன்று, பின்னாலேயே குறுக்கிக்குறுக்கிச் சில.