சத்தமில்லாத சக்கரங்கள்

புதுச் சக்கரம் மாட்டி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் டிவி வண்டியின் நான்கு சக்கரங்களும் சப்பையாகிப் போயிருந்தன. ஃபிட்டர் முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டான். வண்டிக்கடியில் ஜாக்கியைக் கொடுத்து, கைவிளக்கை அருகே கொண்டுபோய்ப் பார்த்தான். கட்டை விரல் தடிமனுக்கு இருந்த கெட்டி ரப்பர் பாரம் தாங்காமல் ஓரங்களில் பிதுங்கி மடிந்திருந்தது. பேரிங்கைத் தட்டிக் கழற்றியபோது குண்டுகள் விழவில்லை. சாம்பல் நிறத்தில் இரும்புத் தூள்தான் கொட்டியது.

இரும்பு பீரோவையே ஏற்றித் தள்ளலாம் என்று சொல்லி விற்ற வண்டி அது. கனத்த சட்டம், நடுவில் கம்பம், கம்பத்தில் ஒரே ஆள் தூக்கி இறக்கிவிடக்கூடிய ஒரு டிவி. அவ்வளவுதான் சுமை. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கான அந்த இல்லத்தில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொரு கட்டிலாக அதை உருட்டிக்கொண்டு போவார்கள். பட்டறை கீழ்த்தளத்தில், வார்டிலிருந்து இறங்கும் சாய்தளம் முடிகிற இடத்தில் இருந்தது. வெளியே காலையிலிருந்து மழை. ஜன்னல் இல்லாத அந்த அறையில் எப்போதும் எண்ணெயும் துருவும்தான் நாறும். இன்று வண்டியைக் கொண்டுவந்ததிலிருந்து வேறு வாசனை. பவுடர், பினாயில், வெகுநாள் படுத்த மெத்தையின் வெதுவெதுப்பு.

தலைமை நர்ஸ் வாசலில் வந்து நின்றாள்.

"சாயங்காலத்துக்குள்ள ரெடியாயிடுமா?"

"ஏன் சிஸ்டர், இதுல டிவிய ஏத்துறீங்களா, யானைய ஏத்துறீங்களா?"

அவள் சிரிக்கவில்லை. "டிவி மட்டும்தான். எனக்கு அந்தக் கிறீச் சத்தம்தான் தாங்கல. மத்தபடி வண்டி நல்லா போகுது. தள்ளவே வேணாம், லேசா கை வெச்சா போதும்."

"மேடு ஏறும்போதுமா?"

"அப்பவும்தான். சத்தத்த மட்டும் நிறுத்திக் குடுங்க. வண்டி முன்னாடி வந்து நின்னா போதும், யாரும் முனகுறது இல்ல, தண்ணி கேக்குறது இல்ல. வார்டே அமைதியாயிடுது."

அவள் போன பிறகு ஜாக்கியைப் பார்த்தான். அதன் அடியில் எண்ணெய் கசிந்து, மெல்ல வட்டமாகப் பரவிக்கொண்டிருந்தது.

மதியம் தங்கையைத் திருப்பிப் படுக்கவைக்க மேலே போனான். விபத்துக்குப் பிறகு கழுத்துக்குக் கீழே அவளுக்கு எதுவும் அசையாது. வேலை பார்க்கிறவர்களின் வீட்டார் என்றால் கட்டில் கிடைக்கும் என்பதற்காகத்தான் அவன் இங்கே வேலைக்கே சேர்ந்தான். முதுகில் புண் வராமலிருக்க தினமும் அவன் கையால்தான் புரட்டிவிட வேண்டும். வழக்கம்போல் மூச்சைப் பிடித்து, முழங்காலைக் கட்டிலில் ஊன்றித் தூக்கியவன் பின்னால் சாயப் போனான். கையில் பாரமே இல்லை.

"சரியா சாப்பிடுறியா இல்லையா நீ?"

"எல்லாம் சாப்பிடுறேன்ணா."

பொய்யில்லை. கன்னம் அப்படியே இருந்தது. கையும் காலும் நேற்றைக்கு இருந்த அதே பருமன்தான். உருவம் இருந்தது, கனம் மட்டும் எங்கோ போய்விட்டிருந்தது.

"வண்டி உன்கிட்டயா இருக்கு?" என்று கேட்டாள்.

"ஆமா. சக்கரம் மாத்தணும்."

"மாத்திக்கோ. சத்தத்த மட்டும் எடுத்துடாத."

"ஏன்?"

"சத்தம் கேட்டா எங்க வருதுன்னு தெரியும். கிட்ட வர்றதுக்குள்ள கண்ண மூடிக்குவேன். மூடிக்கிட்டா ஒண்ணும் பண்ணாது. தூங்கிட்டிருக்கும்போது வந்தாத்தான்..." அவள் பார்வை பக்கத்துக் கட்டிலுக்குப் போனது. அங்கே மெத்தை சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. "டீச்சரம்மாவ இன்னைக்குக் காலையில எடுத்துட்டுப் போனாங்க. எவ்ளோ பெரிய உடம்பு அவங்களுக்கு. நர்ஸ் ஒத்த கையால தூக்குனாங்கண்ணா. துணிய மடிச்சு எடுக்குற மாதிரி."

"டிவி பாத்துப் பாத்து உனக்குக் கண்டதெல்லாம் தோணுது" என்றான். அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கீழே வந்து வேலையைத் தொடர்ந்தான். வேறென்ன செய்வது? வேலையை விட்டால் அவளுக்குக் கட்டில் போய்விடும். இரண்டு பேரும் எங்கே போவார்கள்? புதுச் சக்கரங்களை மாட்டி, பேரிங்குகளில் கிரீஸை விரலால் அழுத்தி அடைத்து, போல்ட்டுகளை இறுக்கினான். டிவியைக் கழற்றி மேசையில் வைத்தான். ஜாக்கியை இறக்கியதும் வண்டி தரையில் அமர்ந்தது. படக்கென்று ஒரு சத்தம். சக்கரத்துக்கு அடியில் சிமெண்டுத் தரை விரிசல் விட்டிருந்தது.

டிவி இல்லாத வெறும் சட்டம் அது.

தோளைக் கொடுத்துத் தள்ளினான். அசையவில்லை. காலை உந்தித் தள்ளினான். சுவரைத் தள்ளுவது போலிருந்தது. மூச்சு வாங்க நிமிர்ந்து, வெறுமனே கம்பத்தின் மீது கை வைத்தான். வண்டி நகர்ந்தது. பாலாடை நழுவுவது போல, ஒரு சின்னக் கிறீச்சுகூட இல்லாமல், அவன் கைக்கு முன்னால் ஓடியது. கம்பம் உடம்புச் சூட்டில் இருந்தது. அவன் கையை இழுத்துக்கொண்டான்.

சத்தத்தைத் திரும்ப வைத்துவிட வேண்டும். அந்த ஒரு நினைப்புதான் அவனுக்கு இருந்தது. கிரீஸை வழித்தெடுத்து மணலைப் போட்டால் போதும், ஊரே கேட்கும்படி கத்தும். நான்கு சக்கரங்களின் பிரேக்கையும் காலால் மிதித்துப் பூட்டினான். ஒவ்வொன்றையும் குனிந்து, அசைத்து உறுதிசெய்துகொண்டான். பிறகு மூலையில் கிடந்த மணல் வாளியை எடுக்கத் திரும்பினான்.

வாளியின் பிடியைத் தொட்டபோது அறையில் அந்தப் பவுடர் வாசனை இல்லை.

திரும்பினான். வண்டி இல்லை.

எதுவும் கேட்கவில்லை. மழை மட்டும்தான். சாய்தளத்தில் நான்கு கறுப்புக் கோடுகள் மேலே ஏறிப் போயிருந்தன. பூட்டிய சக்கரங்கள் தேய்த்துக்கொண்டே போன ரப்பர் கோடுகள். தொட்டுப் பார்த்தான். சூடு.

ஓடினான்.

வார்டில் விளக்கு போட்டிருந்தார்கள். முனகல் இல்லை, இருமல் இல்லை. எல்லாத் தலையணைகளிலும் எல்லா முகங்களும் ஒரே பக்கம் திரும்பியிருந்தன. வாயைத் திறந்து, இமைக்காமல். தங்கையின் கட்டில் கால்மாட்டில் வண்டி நின்றது. கம்பத்தின் உச்சியில், டிவி இருக்க வேண்டிய இடத்தில், ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததைத்தான் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டே போய், வண்டிக்கு முதுகைக் காட்டி, குழந்தையை எடுப்பதுபோல் தங்கையை வாரி எடுத்தான். கைகள் தாமாக மேலே எழும்பின. கொடியிலிருந்து சட்டையை உருவியது போலிருந்தது.

"கண்ண மூடும்மா. அண்ணன் வந்துட்டேன். மூடு."

அவள் மூடவில்லை. அவன் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் அசைந்தது.

"சத்தமே கேக்கலண்ணா."

அவள் முகத்தைப் பார்த்தான். பார்க்காமல் எப்படி இருப்பான்? அகல விரிந்த அவள் கண்மணிகள் இரண்டிலும் அந்தக் கம்பம் தெரிந்தது. கம்பத்தின் மேல் இருந்ததும் தெரிந்தது. குட்டியாக. தெளிவாக. அது தலையைச் சாய்த்து அவனைப் பார்த்தது.

பின்னால் தரை ஓடு ஒன்று படக்கென்று விரிசல் விட்டது.

இன்னும் கிட்டே, இன்னொன்று.

கண்ணை மூடிக்கொள்ள நினைத்தான். இமை இறங்கவில்லை.

வாசலில் நர்ஸின் குரல் கேட்டது. "பரவாயில்லையே ஃபிட்டர். வண்டி வந்ததே தெரியல."

பதில் சொல்ல வாயெடுத்தான். முடியவில்லை. கால் விரல்கள் தரையைத் துழாவின. தரை கிடைக்கவில்லை. பிடியிலிருந்து தங்கை மெல்ல மேலே விலகிக்கொண்டிருந்தாள். கீழே, வெகு கீழே போலத் தெரிந்த தரை ஓட்டின் மேல், அவனுடைய செருப்புகள் இரண்டும் ஜோடியாக நின்றிருந்தன. அவற்றுக்குள் கால் இல்லை.