கோட்டையில் தொலைந்த கடவுச்சீட்டுகள்

"உவன்தான் எடுத்தவன். வேறை ஆர்?"

"ஐயா, நான் அந்தப் பையைத் தொடவே இல்லை."

"தொடாமலே பை நடந்து போச்சோ?"

றெஜினா கண்ணை மூடித் திறந்தாள். வழிகாட்டி வேலைக்கு வந்த நாளிலிருந்து இப்படி ஒரு மனிதரை அவள் கண்டதில்லை. இவருக்காகக் காலைப் பூசையையும் விட்டுவிட்டு வந்தது இன்னும் நெஞ்சுக்குள் புகைந்துகொண்டிருந்தது.

கத்திக்கொண்டு நின்றவர் நாகலிங்கம். மனைவி சுபாஜினியோடு லண்டனிலிருந்து ஒரு கிழமை விடுமுறையில் வந்தவர். மதில் சூழ்ந்த பழைய ஊர் எங்கிருந்தாலும் பார்த்தே தீர வேண்டும் அவருக்கு. நேற்று முன்தினம் காலி, இன்று யாழ்ப்பாணக் கோட்டை, நாளை பலாலியில் விமானம் ஏறித் தரங்கம்பாடி. இரண்டு பேரின் கடவுச்சீட்டும் இருந்த இடுப்புப் பையை, வியர்வைக்குக் கடிக்கிறது என்று, வந்த வாடகை வான் வண்டியிலேயே கழற்றி வைத்துவிட்டுக் கோட்டைக்குள் போனார். திரும்பி வந்தபோது பையைக் காணோம்.

வான் ஓட்டி வந்த கொலின்ஸ், குருநகரில் றெஜினாவின் தெருக்காரன். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. முதலாளியின் காதுக்கு இது எட்டினால், பொலிஸ் வருவதற்கு முன்பே அவன் வேலை போய்விடும்.

முற்பகல் 11.40.

"நீ எங்கை போனனீ?" றெஜினா கேட்டாள்.

"சோடா குடிக்க. அந்தப் பெட்டிக்கடைக்கு."

"வானைப் பூட்டினனியோ?"

கொலின்ஸ் தலையைச் சொறிந்தான். "சும்மா சாத்திப்போட்டுப் போனனான்."

"விசரா! அங்கிள், நீங்கள்?"

"நீர்தானே பக்கத்திலை நிண்டனீர். ஒல்லாந்தரின்ரை தேவாலயத்தைப் பற்றிச் சொன்னனீர். அதுவும் பிழையாய்."

றெஜினா சுபாஜினியின் பக்கம் திரும்பினாள். "அன்ரி?"

சுபாஜினி லேஞ்சியால் முகத்தைத் துடைத்தாள். மடக்கிக் கட்டிய நீளக் குடை அவள் மார்போடு இருந்தது. காலையில் நல்லூர் வீதியில் அந்தக் குடை நிழலைவிட்டு ஒரு கணம் விலகாதவள்.

"நான் கடல்பக்கக் கொத்தளத்திலை நிண்டனான், பிள்ளை. வள்ளங்கள் மீனோடை குருநகருக்கு வந்துகொண்டிருந்தது. வடிவாய் இருந்தது. அதிலையே நிண்டிட்டன்."

"அவவை ஏன் விசாரிக்கிறீர்?" நாகலிங்கம் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிக்னல் தேடி வாசல் பக்கம் போனார். "வான்காரரோடை கதைச்சிட்டுப் பொலிஸுக்கு அடிக்கிறன்!"

றெஜினா கொத்தளத்தில் ஏறினாள். பண்ணைக் கடல் வெறுமையாகக் கிடந்தது. தூரத்தில் குருநகர்க் கரையில் வள்ளங்கள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. அவள் இறங்கி வந்தாள்.

"அன்ரி, குடையை விரியுங்கோ."

"வேண்டாம், பிள்ளை."

"மண்டை வெடிக்கிற வெயில். விரியுங்கோ."

சுபாஜினி குடையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"காலமை முழுக்கக் குடைக்குக் கீழை திரிஞ்ச நீங்கள், உச்சி வெயிலிலை அதை மடக்கி வைச்சுக்கொண்டு நிக்கிறீங்கள். விரிச்சால் பை விழுந்திடும், என்ன?" றெஜினா குரலைத் தாழ்த்தினாள். "இண்டைக்கு ஞாயிறு. குருநகரிலை எங்கடை ஆக்கள் ஞாயிற்றுக்கிழமை கடல் தொழிலுக்குப் போறேல்லை, பூசைக்குத்தான் போறவை. ஒரு வள்ளமும் வரேல்லை, அன்ரி. கொலின்ஸ் சோடாவுக்குப் போன நேரம் நீங்கள் நிண்டது வானடியிலை."

சுபாஜினி மதிலில் சாய்ந்தாள்.

"என்ரை தங்கச்சி மானிப்பாயிலை இருக்கிறாள். ஒன்பது வருசம் காணேல்லை. இவர் அவளுக்குத் தந்தது அரை மணித்தியாலம். இந்த மதிலுக்கு அரை நாள்! பாஸ்போட் இல்லையெண்டால் நாளைக்குப் பிளேன் ஏறேலாதுதானே."

"அதுக்குக் கொலின்ஸோ பலி?"

"அவனை இழுப்பார் எண்டு நான் நினைக்கேல்லை."

"காலமையிலை இருந்து அவர் ஆரைத்தான் விட்டவர்?"

வாசலிலிருந்து நாகலிங்கத்தின் குரல் கேட்டது. "ஹலோ? ஓம், உங்கடை ட்றைவரைப் பற்றித்தான்!" வானடியில் கொலின்ஸ் தலை குனிந்து நின்றான்.

சுபாஜினி றெஜினாவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நான்தான் பையை எடுத்துக்கொண்டு வரேக்கை கோட்டை வாசல் பாலத்திலை தவறவிட்டனான் எண்டு சொல்லுறன். நான் தனியச் சொன்னால் அவர் நம்பார். அகழிக்குள்ளை விழுந்ததை நீரும் கண்டனீர் எண்டு ஒரு வார்த்தை. கொலின்ஸும் தப்புவான், நானும் மானிப்பாய்க்குப் போயிடுவன். சொல்லுவீரோ, பிள்ளை?"