குளிக்கப் போனவர்

குளியலறையிலிருந்து வந்த சத்தத்தைக் குழாய் ஒழுகல் என்றுதான் முதல் இரண்டு நாளும் அவள் நினைத்தாள். டொக், டொக், டொக். கொஞ்சம் இடைவெளி. மறுபடி டொக், டொக், டொக். குழாயை இறுக்கிப் பார்த்தாள். வாளியைக் கவிழ்த்து வைத்தாள். மூன்றாம் நாள் பிற்பகல் பிளம்பரைக் கூப்பிட்டாள்.

அவர் வாஷரை மாற்றினார். சுவரில் காதை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு குனிந்து, கதவின் கீழ்ப்பக்கத்தையே பார்த்தார்.

"தண்ணி சொட்டினா ஒரே கணக்கா சொட்டும்மா. இது நின்னு நின்னு கேக்குது. களைச்சுப் போனவங்க தட்டற மாதிரி."

சொல்லியிருக்கக் கூடாது என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். "எலியா இருக்கும்" என்று சேர்த்துக்கொண்டார். அவள் போட்டு வைத்த டீயைத் தொடவில்லை. செருப்பைக் காலில் மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டே படியிறங்கிப் போனார்.

அந்தக் குளியலறையில் அவளுடைய அப்பா இறந்து பதினாறு நாள் ஆகியிருந்தது.

அவள் பிசியோதெரபிஸ்ட். மருத்துவமனையின் முதியோர் பிரிவிலிருந்து வீடு வீடாகப் போய், வயதானவர்கள் விழாமல் இருக்க என்னென்ன செய்ய வேண்டும் என்று பார்த்துச் சொல்வதுதான் வேலை. வழுக்கும் மிதியடியை எடுங்கள், படுக்கையிலிருந்து கழிவறை வரை விளக்குப் போடுங்கள், குளியலறைக் கதவைத் தாழிடாதீர்கள், சுவரில் கைப்பிடி வையுங்கள். எந்த வீட்டுக்குப் போனாலும் கடைசியில் கைப்பிடியில் வந்து நிற்பாள் என்பதால், போகிற வீடுகளில் அவளுக்குக் கைப்பிடி டாக்டர் என்றே பெயர்.

அப்பா மட்டும் மசியவில்லை. முப்பத்தைந்து வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். "ஊர்ல பாதிப் பேரை மேல ஏத்தி இறக்கினவன்டி நான். என்னை நிறுத்த ஒரு கம்பி வேணுமா, சூப்பர்வைசர்?" என்று சிரிப்பார். அவளும் சிரித்துவிடுவாள். எஃகுக் கைப்பிடி நான்கு மாதம் அவள் கார் டிக்கியிலேயே உருண்டுகொண்டு கிடந்தது. வளைவுகளில் திரும்பும்போதெல்லாம் அது ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மோதும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாட்டிவிடலாம் என்று நினைத்துக்கொள்வாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு அவர் குளிக்கப் போனார். ஒன்பது மணிக்கு அவள் போன் செய்தாள். அம்மா எடுத்தாள்.

"அப்பா எங்கம்மா?"

"குளிக்கிறாரு."

"சரி, வந்ததும் பேசச் சொல்லு."

வார்டில் வேலை அதிகம். மறுபடி நாலு மணிக்குத்தான் கூப்பிட முடிந்தது. "அப்பா எங்கம்மா?" "குளிக்கிறாரு" என்றாள் அம்மா, அதே குரலில். காரை எப்படி ஓட்டிக்கொண்டு வந்தாள் என்பது அவளுக்கு இன்றும் நினைவில் இல்லை.

இடுப்பெலும்பு முறிந்து, எழ முடியாமல் தரையில் கிடந்திருக்கிறார். கையில் பிளாஸ்டிக் குவளை, இரண்டாகப் பிளந்து. கதவின் கீழ்ப்பக்கம் முழுக்க அந்தக் குவளை விளிம்பின் பிறை பிறையான தழும்புகள். ஆபத்தென்றால் அழுத்தச் சொல்லி அவள் கழுத்தில் மாட்டிவிட்டிருந்த பொத்தான், கதவுக்குப் பின்னால் கொக்கியில் தொங்கியது. நனைந்தால் கெட்டுவிடும் என்று கழற்றி மாட்டியிருக்கிறார். நனையலாம் என்று அவள் சொல்ல மறந்திருந்தாள். கதவைத் தாழிடாதீர்கள் என்றது ஒன்றைத்தான் அவர் கேட்டிருந்தார். கதவு சும்மா சாத்தித்தான் இருந்தது; கிடந்த நிலையில் அதைத் தள்ளித் திறக்கத்தான் அவரால் முடியவில்லை.

பிற்பகல் இரண்டு மணி வரை உயிர் இருந்திருக்கும் என்றார் டாக்டர்.

அம்மாவுக்கு மூன்று வருடமாக மறதி. காது மிஷின் இல்லாவிட்டால் இடி விழுந்தாலும் தெரியாது. அன்று அவள் வந்தபோது மிஷின் அதன் டப்பாவிலேயே இருந்தது. மணி அடித்தால் விளக்கு மின்னி, உரக்கப் பேசும் போன் ஒன்றை அவள்தான் வாங்கி வைத்திருந்ததால் அம்மாவால் பேச முடிந்திருக்கிறது, அவ்வளவுதான். அம்மாவுக்குக் கேட்டிருக்காது. இந்தப் பதினாறு நாளும் இரவு கண்ணை மூடுவதற்கு முன் அவள் பற்றிக்கொண்டிருந்தது இந்த ஒரு வாக்கியத்தைத்தான்.

பிளம்பர் போன பிறகு மாலை மெதுவாக இறங்கியது. தெருவில் யாரோ காரைப் பின்னால் எடுக்கும் பீப் சத்தமும், ஒரு குழந்தையின் சைக்கிள் மணியும், எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து குக்கர் விசிலும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டு ஓய்ந்தன. அவள் போன வாரம் மாட்டியிருந்த இரவு விளக்குகள் தரையோரமாக மஞ்சளாக விழித்துக்கொண்டன. வீட்டுக்குள் சோப்பு வாசனை வந்தது. அப்பா போடுகிற சந்தன சோப்பு. அந்தச் சோப்பை அவளே எடுத்துக் குப்பையில் போட்டுப் பத்து நாளாகிறது.

டொக், டொக், டொக்.

அவள் எழுந்து போய் அம்மாவின் அறை வாசலில் நின்றாள். அம்மா கட்டிலில், சுவரோரமாக இரண்டு தலையணைக்கு மேல் சாய்ந்து, புடவைத் தலைப்பை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். மகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"சாப்பிட்டியா பாப்பா?"

"ம். நீ மருந்து போட்டியாம்மா?"

"போட்டேன். உங்கப்பா இன்னும் குளிச்சிட்டு வரல."

முதல் வாரம் ஒவ்வொரு முறையும் உண்மையைச் சொன்னாள். ஒவ்வொரு முறையும் அம்மா புதிதாகக் கேட்டதுபோல் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். ஒரே நாளில் ஐந்து தடவை ஒருத்தியை விதவையாக்க முடியாது என்று பிறகு நிறுத்திக்கொண்டாள்.

"வந்துடுவாரும்மா" என்றாள்.

டொக், டொக், டொக்.

அம்மா முகத்தைச் சுளித்தாள். காதுக்குப் பின்னால் கை போனது. மிஷினைக் கழற்றினாள்.

"ஏம்மா கழட்டற?"

அம்மா அவள் உதட்டையே பார்த்துப் புரிந்துகொண்டாள்.

"தொந்தரவா இருக்கு. டொக்கு டொக்குனு தட்டிக்கிட்டே இருக்காரு, பாரேன். அன்னிக்கும் இப்படித்தான், காலையிலேருந்து தட்டு தட்டுனு தட்டினாரு. என் பேரைச் சொல்லிக் கத்தினாரு. எவ்ளோ நேரம்தான் கேக்கறது? தலைவலியே வந்துடுச்சு." மிஷினை டப்பாவில் வைத்து, மூடியை அழுத்தி மூடினாள். "கழட்டி வெச்சதுக்கப்புறம்தான் நிம்மதியா இருந்துது."

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

அம்மாவின் கண்ணில் குற்றம் இல்லை. பயம் இல்லை. ஒரு குழந்தை, தன்னைத் தொல்லைப்படுத்திய சத்தத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்கிறது. அவளைத் திட்ட முடியாது. அடிக்க முடியாது. நாளைக்குக் கேட்டால் இதுவும் அவளுக்கு நினைவிருக்காது. இனி ஆயுள் முழுக்க இதை நினைவு வைத்துக்கொள்ள வேண்டியவள் மகள் ஒருத்திதான்.

"அம்மா" என்றாள்.

கேட்டிருக்கிறது. ஏழு மணி நேரம் கூப்பிட்டவரின் குரல் இந்த அறைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

தட்டுவது நின்றது.

வீடு மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல் இருந்தது. பிறகு கதவுக் கீல் முனகியது. யாராவது கை வைத்துத் தள்ளினால் அப்படி முனகாது. கீழேயிருந்து, தோளால், கொஞ்சம் கொஞ்சமாக முட்டித் திறந்தால்தான் அப்படி முனகும்.

ஈரமான ஒன்று தரையில் அறைந்தது. உள்ளங்கை.

இழுபடும் சத்தம். நீளமாக. பிறகு மூச்சு.

மறுபடி உள்ளங்கை.

அவள் திரும்பிப் பார்த்தாள். நடையில் யாரும் இல்லை. குளியலறையிலிருந்து முதல் இரவு விளக்கு வரை தரை நனைந்திருந்தது. முதல் விளக்கு எதனாலோ மறைபட்டு, பின் தெரிந்தது. இரண்டாவது விளக்கு மறைந்தது. அதற்குப் பக்கத்தில், உலர்ந்த டைல்ஸில், ஐந்து விரலோடு ஒரு கை ஈரமாக விரிந்தது. வலது கை. எந்தக் காலத்திலோ லிஃப்ட் கதவில் நசுங்கி, சுண்டுவிரல் வளைந்து போன கை.

"அப்பா."

மூன்றாவது விளக்கு.

அவள் விலகி வழிவிட்டாளா, கால்கள் தாமாக நகர்ந்தனவா, தெரியவில்லை. சுவரோடு ஒட்டிக்கொண்டாள். பாதத்துக்குப் பக்கத்தில் குளிர் கடந்து போனது. சந்தன வாசனை. அதற்கடியில் வேறொரு வாசனை.

அது அவளிடம் நிற்கவில்லை.

"ஏங்க!" என்றாள் அம்மா.

அம்மாவின் வலது கை கட்டிலுக்குக் கீழே தொங்கியது. விரல்கள் எதையோ பற்றி மூடியிருந்தன. மணிக்கட்டைச் சுற்றி, காகிதம்போல் மெலிந்த அந்தத் தோலில் நான்கு குழிகள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆழமாயின.

"இவ்ளோ நேரமாவா குளிப்பீங்க? கை சில்லுனு இருக்கே."

அம்மாவின் தோள் கட்டில் விளிம்புக்கு வந்தது.

அவள் பாய்ந்து அம்மாவின் இடது கையைப் பிடித்தாள். காலைக் கட்டில் சட்டத்தில் உதைத்துக்கொண்டு, முழு பலத்தோடு பின்னுக்கு இழுத்தாள். எத்தனையோ உடம்புகளைத் தூக்கி நிறுத்தியவள். எடையைக் கையால் அறிபவள். அந்தப் பக்கம் இருந்த எடை அவளுக்குத் தெரிந்த எடை.

"விடுங்கப்பா. அம்மாப்பா. அவளுக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. நான்தான். நான்தான்பா அந்தக் கம்பியை..."

பிடி தளரவில்லை. ஆனால் அதில் கோபம் இல்லை என்பது அவளுக்கு அந்தக் கணத்தில் புரிந்தது. வெட்டி வெட்டி இழுத்து, மூச்சு வாங்கி, மறுபடி முயன்று. பழிவாங்குகிறவர் இப்படி இழுக்க மாட்டார்.

அவர் எழுந்திருக்கப் பார்க்கிறார்.

அம்மா தலையைத் தாழ்த்தி, கட்டிலுக்குக் கீழே இருந்த முகத்தைப் பார்த்தாள். மகளால் அதைப் பார்க்க முடியவில்லை. அம்மாவின் முகத்தில் ஒரு புதுப்பெண்ணின் வெட்கச் சிரிப்பு பரவுவதைத்தான் பார்த்தாள்.

"இருங்க, இருங்க. எதுக்கு இப்படிக் கஷ்டப்படறீங்க?" என்றாள் அம்மா. "கூப்பிட்டிருக்கக் கூடாதா?"

மகளின் பிடியிலிருந்து இடது கையையும் உருவிக்கொண்டு, அதையும் கீழே நீட்டினாள்.