உறையில் இல்லாத பெயர்

"சத்தியமா சொல்றேன், இது லெனோர் டிரேக் குரலே இல்லை," என்றாள் மார்லிஸ்.

ரெக்கார்டு கடை மோர்ட்டி, ஒரு பழைய படத்தின் படகுத்துறைப் பாட்டு ஓடிக்கொண்டிருந்த இசைத்தட்டின் மேலிருந்து ஊசியைத் தூக்கினார். வெளியே மக்னோலியா சாலையில் பிப்ரவரி மழை கொட்டிக்கொண்டிருந்தது. பர்பாங்க் ஊரே எண்பத்து மூன்றாம் வருஷத்து மழைக்குப் பயந்து வீட்டில் அடங்கிக் கிடக்க, இவள் மட்டும் நனைந்துகொண்டு சண்டைக்கு வந்திருந்தாள்.

"உறையில லெனோர் டிரேக்னு முப்பத்தாறு வருஷமா போட்டிருக்கு அம்மணி."

"உறையில என்ன வேணா போடுவாங்க. ரெண்டாவது சரணத்தைக் கேளுங்க. 'கரை'ங்கிற வார்த்தைக்கு முன்னாடி பாதி மூச்சு ஒண்ணு வரும், திருட்டுத்தனமா. படத்துல வசனம் பேசினா லெனோர் ஒரு முழுப் பக்கத்தை ஒரே மூச்சுல முடிப்பா. அவளுக்கு எதுக்கு அந்த இடத்துல மூச்சு?"

"ஜலதோஷமா இருந்திருக்கும்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

திரும்பினாள். நெட்டையாக ஒருவன். குடையிலிருந்து தண்ணீர் சொட்ட, கதவோரம் நின்றிருந்தான். மழைக்கு முந்திய வானம் மாதிரி சாம்பல் கண்கள்... அதில் சிரிப்பு ஒளிந்திருந்தது. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"நீங்க என்ன, டாக்டரா?"

"மூக்குக் கண்ணாடிக் கடை வச்சிருக்கேன். மூக்கு வரைக்கும்தான் என் எல்லை."

"அப்ப காது விஷயத்துல தலையிடாதீங்க."

"சரிங்க. ஆனா பாடினது லெனோர்தான். உறையில போட்டிருக்காங்கள்ல?"

"இவ கூட மோதாதே வெர்ன்," என்றார் மோர்ட்டி. "சினிமா கொட்டகையில கண்ணை மூடிக்கிட்டு உட்காருற ஆளு. டிக்கெட்டுக்குப் பாதிக் காசுதான் வாங்கணும்."

அது நிஜம். திரையில் யார் யாரைக் கட்டிப்பிடித்தாலும் மார்லிஸுக்குக் கவலையில்லை. பின்னால் வயலின் எப்போது நுழைகிறது, பாடகி எந்த எழுத்தில் குரலை இழைக்கிறாள்... அதுதான் படம். வாரம் முழுக்கப் பல் டாக்டரிடம் வரவேற்பாளர் வேலை. ஞாயிறு நாலு மணிக்கு ஒரு கல்லூரி வானொலியில், சம்பளமில்லாமல் ஒரு மணி நேரம் சினிமாப் பாட்டு. நடிகை வாயசைக்க, பெயரில்லாமல் பாடிக் கொடுத்தவர்கள்மேல் அவளுக்குத் தனிப் பித்து. கேட்டே பதினோரு பேரைக் கண்டுபிடித்திருந்தாள். இந்தப் படகுத்துறைப் பாட்டுக்காரி மட்டும் பத்து வருஷமாகக் கையில் சிக்கவில்லை.

மழை விடவில்லை. அவளிடம் குடையில்லை. எதிர்க் காப்பிக் கடைவரை அவன் குடை பிடித்தான்.

"கோபப்படறப்ப உங்க இடது கண்ணு வலதைவிடக் கொஞ்சம் அதிகமா சண்டை போடுது," என்றான்.

"வியாபாரம் பண்றீங்களா?"

"இன்னிக்குக் கடை லீவு."

காப்பி ஆறும்வரை பேசினார்கள். அடுத்த வாரம் ஆறிய பிறகும் பேசினார்கள். மூன்றாம் வாரம், அவன் காரில், கண்ணாடியில் மழை வழிய வழிய, அவள் மறுபடி அந்த மூச்சைப் பற்றி ஆரம்பித்தாள். வெர்னன் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஜலதோஷம் இல்லை மார்லிஸ்," என்றான் மெல்ல. "அது நான்தான்."

"என்னது?"

"எங்கம்மா பாடின பாட்டு அது. அப்ப நான் வயித்துல ஆறு மாசம். சரியா அந்த இடத்துல உதைச்சேனாம். இன்னொரு தடவை பாடறேன்னு அம்மா கெஞ்சியிருக்காங்க. இசையமைப்பாளர்தான், இதுவே இருக்கட்டும்னுட்டார்."

மார்லிஸ் அவன் பக்கம் திரும்பினாள். பத்து வருஷமாகக் காதலித்த ஒரு மூச்சு, பக்கத்தில் உட்கார்ந்து காது சிவந்துகொண்டிருந்தது... அவன் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள்.

"யார்கிட்டயும் சொல்லாத. அம்மா வாக்குக் கொடுத்திருக்காங்க."

"ஸ்டூடியோவுக்கா?"

"ஸ்டூடியோ எப்பவோ போய்ச் சேர்ந்துடுச்சு. லெனோருக்கு. ரெண்டு பேரும் உயிர்த் தோழிங்க. ஒவ்வொரு வியாழக்கிழமையும் அவங்க போன் பண்ணுவாங்க, ஒரு மணி நேரம் ஊர்வம்பு."

மார்லிஸ் தலையாட்டினாள். மனசார ஆட்டினாள்.

நாலு நாள். நாலே நாள்தான் தாங்கியது.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாட்டைப் போட்டது அவள் வழக்கம்தான். மாதம் ஒருமுறை போடுவாள். இரண்டாவது சரணம் வந்தது. மூச்சு வந்தது. பாட்டு முடிந்து, ஒலிவாங்கியின் சிவப்பு விளக்கு எரிந்தது. வாய் தானாகத் திறந்தது.

"இந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் லெனோர் டிரேக் இல்லை. இங்கே பர்பாங்க்ல இருக்கிற ஹேசல் ஆஸ்ட்ராண்டர்."

தொலைபேசி விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் எரிந்தன. அவளுக்கு உடம்பெல்லாம் பூரித்தது.

செவ்வாய்க்கிழமை பத்திரிகையில் வந்தது. புதன்கிழமை வெர்னன் பல் டாக்டரின் கிளினிக்குக்கு வந்தான். கன்னம் வீங்கிய ஒரு கிழவர் மட்டும் காத்திருந்தார்.

"பார்த்தியா?" என்றாள் ஆவலாக. "அம்மா படத்தோட போட்டிருக்கான்."

"ஏன் சொன்ன?"

அந்தக் குரலில் அவள் சிரிப்பு பாதியில் நின்றது. "முப்பத்தாறு வருஷமா திருட்டுப் போன பேரைத் திருப்பிக் கொடுத்திருக்கேன் வெர்ன். உண்மையைச் சொல்றது தப்பா?"

"யாரு திருடினா? அம்மா கொடுத்தாங்க. சொல்றதா இருந்தா அவங்கதான் சொல்லணும். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா வேண்டாம்னிருப்ப."

"அது தெரிஞ்சுதானே கேக்கல."

வீங்கிய கன்னக் கிழவர் பத்திரிகையால் முகத்தை மறைத்துக்கொண்டார். மார்லிஸின் இடது கண் சண்டைக்கு நின்றது. "நான் மன்னிப்புக் கேக்கறதா இல்ல," என்றாள்.

வெர்னன் தலையசைத்தான். கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனான்.

ஏழு வாரம். கடிதம் எழுதினாள், கிழித்தாள். கிழித்த கடிதங்களில் ஒன்றிலாவது 'தப்பு' என்ற வார்த்தை இருந்ததா... இல்லை. எல்லாமே விளக்கம். நிகழ்ச்சிக்கு நேயர்கள் மூன்று மடங்கானார்கள். பாராட்டுக் கடிதங்கள் குவிந்தன. படகுத்துறைப் பாட்டை மட்டும் அவளால் போட முடியவில்லை. வீட்டில் தனியாகப் போட்டாலும், அந்த மூச்சு வருமுன் ஊசியைத் தூக்கிவிட்டாள்.

ஏப்ரல் கடைசியில் ஒரு காலை, பத்திரிகையின் முதல் பக்கத்தில் லெனோர் டிரேக் சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே பிறந்த வருஷமும், இறந்த வருஷமும்.

மார்லிஸ் வேலைக்குப் போகவில்லை. நேராக ஆஸ்ட்ராண்டர் வீட்டுக்குப் போனாள்.

வெர்னன்தான் கதவைத் திறந்தான். இளைத்திருந்தான். ஏழு வாரத்தில் ஒரு மனுஷன் இவ்வளவு இளைக்க முடியுமா...

"அம்மாவைப் பார்க்கணும்," என்றாள்.

அவன் வழிவிட்டான்.

ஹேசல் சமையலறை மேஜையில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். குட்டையான, பருத்த உடம்பு. கரகரத்த பேச்சு. உலகத்தையே உருக வைத்த குரல் இந்தத் தொண்டையிலா இருந்தது?

"உட்காரு பொண்ணே. ரேடியோக்காரிதானே நீ?"

"ஆமா, மிசஸ் ஆஸ்ட்ராண்டர்."

"அந்த வியாழக்கிழமை லெனோர் போன் வரல. அடுத்த வியாழனும் வரல. நான் பண்ணினா எடுக்கல. வெர்ன் நேர்ல போனான், நான்தான் உளறினேன், அம்மா இல்லன்னு சொல்ல. வாசல்லயே திருப்பி அனுப்பிட்டா. நான் வாக்குத் தவறிட்டேன்னே நெனைச்சுக்கிட்டுப் போய்ச் சேர்ந்துட்டா." ஹேசல் ஒரு சுளையைப் பிரித்தாள். சாப்பிடவில்லை. "அடுத்த மாசம் அவளுக்கு எழுபது முடிஞ்சிருக்கும். டிவியில பேட்டி வச்சிருந்தாங்க. அதுல என்னைப் பக்கத்துல உட்கார வச்சு, தானே சொல்றதா இருந்தா. யோசனையும் அவளுதுதான். போன்ல என்கிட்ட ஒத்திகையே பார்த்தா. பச்சை கவுன் ஒண்ணு தச்சு வச்சிருந்தா, எனக்கும் ஒண்ணு. என் அளவைத் தப்பாக் கொடுத்துட்டா, கழுதை."

மார்லிஸ் ஏழு வாரமாக எழுதிய விளக்கங்களில் ஒன்றுகூடத் துணைக்கு வரவில்லை.

"உங்களுக்காகத்தான் சொன்னேன்னு நெனைச்சுக்கிட்டிருந்தேன்," என்றாள். "இல்லை. நான்தான் கண்டுபிடிச்சேன்னு ஊருக்குத் தெரியணும். அதுக்காகச் சொன்னேன்."

"தெரியும். அன்னிக்கு நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். என் பேரைச் சொன்னப்ப உன் குரல்ல இருந்த சந்தோஷம் எனக்கானது இல்ல." ஹேசல் நிமிர்ந்து பார்த்தாள். கோபமில்லை. கோபம் இருந்தால் தேவலை என்றிருந்தது மார்லிஸுக்கு. "குரலைக் கேட்டே பொழைச்சவ நான். போ. வெர்ன் வெளியில நிக்கிறான்."

முன்வாசல் படியில் அவன் உட்கார்ந்திருந்தான். ஒரு படி இடம் விட்டு அவளும் உட்கார்ந்தாள். வெயில் சுள்ளென்று அடித்தது.

"அந்தப் பேட்டி விஷயம் எனக்கும் தெரியாது," என்றான். "தெரிஞ்சிருந்தா அன்னிக்கு வாயைத் திறந்திருக்க மாட்டேன்."

"நீ என்ன பண்ணுவ... சொன்னது நான்."

"உன்கிட்ட சொன்னது யாரு? உன் கண்ணு விரியறதைப் பார்க்கணும்னு அம்மாவோட ரகசியத்தை எடுத்து நீட்டினவன் நான். உன்மேல பட்ட கோபத்துல பாதி என்னுது."

அவள் அழுதாள். அவன் சமாதானம் சொல்லவில்லை, எழுந்தும் போகவில்லை.

"வெர்ன்... எனக்கு உன்னை ரொம்பப் பிடிச்சிருக்கு. ஏழு வாரமா இதை யார்கிட்டயும் சொல்லல. உன்கிட்டதான் முதல்ல சொல்றேன்."

அவன் படியில் கிடந்த ஒரு காய்ந்த இலையை எடுத்துக் கிழித்தான்.

"எனக்கும்தான்," என்றான். "அதுதான் கஷ்டமா இருக்கு."

பிறகு, "சனிக்கிழமை அடக்கம். அம்மாவுக்கு அழைப்பு வரல. ஆனாலும் போறாங்க, பின்னாடி நின்னு பார்த்துட்டு வருவாங்களாம். நான் வெளியில கார்ல காத்திருப்பேன்," என்றான்.

"நானும் வரட்டுமா?"

"வா. ஆனா ஒண்ணும் பேச வேணாம்."

"பேசல."

அவன் கை படிமேல் அவள் கைக்குப் பக்கத்தில் இருந்தது. அவள் தொடவில்லை. அவன் நகர்த்தவும் இல்லை.